மேஸ்திரி சரி சொல்லாத வீடு

தங்கவயலில் வீடு விற்பது என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் பழக்கமில்லாத வேலை. ஊரில் பாதிக்கு மேல் கம்பெனி வீடு. சுரங்கம் சர்க்கார் கைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தாலும் நாங்கள் கம்பெனி என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீட்டில் பிறந்து, லைன் வீட்டிலேயே கல்யாணம் பண்ணி, ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சொந்த வீடு வைத்திருந்தவர்கள் ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர்களும், எங்கள் அப்பாவைப் போல ஆண்டர்சன்பேட்டையில் எப்படியோ ஒரு துண்டு இடம் பிடித்துச் சுவர் எழுப்பிய சிலரும்தான். அதனால் வீட்டுத் தரகர் என்று ஒருவரைத் தேடினால் அகப்படமாட்டார். மாடு பிடித்துக் கொடுப்பவர் இருந்தார். பெண் பார்த்துக் கொடுப்பவர் இருந்தார். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கிற போக்கியத்துக்கு ஆள் கொண்டுவருபவரும் இருந்தார். வீடு விற்க எங்களுக்கு அகப்பட்டவர் மேஸ்திரி.

அகப்பட்டார் என்றா சொன்னேன்? வந்து வாய்த்தார் என்று சொல்ல வேண்டும்.

மேஸ்திரி சுரங்கத்தில் அப்பா வேலை செய்த கேங்குக்கு, அதாவது வேலைக் கும்பலுக்கு, தலைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒல்லியான உயரமான ஆள். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே காக்கிக் கோட்டு. நெற்றி நிறையத் திருநீறு. பாறையைத் துளைக்கிற மெஷின் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்ததில் காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்காததால் எதிராளிக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார். "இது நமக்குள்ள இருக்கட்டும் தங்கச்சி" என்று அவர் அம்மாவிடம் ஆரம்பித்தால், தெருக்கோடிக் குழாயடியில் நிற்கிற பெண்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். சும்மா உட்காரப் பிடிக்காமல் போக்கியத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டைக்கூட அவர் விற்றுக் கொடுத்ததில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். ராகுகாலம், எமகண்டம் எதுவும் பார்ப்பதில்லை. எங்களுக்கும் சேர்த்து அவர் பார்த்தார். பெங்களூரிலிருந்து வீடு பார்க்க வந்த ஒருவரை, ராகுகாலம் கழியட்டும் என்று ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டு இவர் டீ குடிக்கப் போய்விட்டார். அந்த மனிதர் அடுத்த வண்டி பிடித்துத் திரும்பியே போய்விட்டார். "பொறுமை இல்லாத ஆளு மா அவன். நம்ம வூட்டுக்கு லாயக்கில்ல" என்று எங்களிடம் வந்து கத்தினார். எனக்கு வாயில் நன்றாக வந்தது. அம்மா கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டு அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

வீடு சீக்கிரம் விற்க வேண்டும் என்று நான் தவித்ததற்குக் காரணம் அம்மாதான். அப்பா போய் வருஷம் திரும்பியிருந்தது. நான் ஒரே பெண். பங்காருபேட்டையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டியில் கார்டு. ஜோலார்பேட்டைக்குப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. மூத்தவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். இரண்டாவது வயிற்றில். பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் இல்லை.

அம்மாவோ ஆண்டர்சன்பேட்டையில் தனியாக. அந்த வருஷம் மழைக்காலத்தில் சமையலறை வாசலில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்திருக்கிறாள். பால்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்துப் பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தூக்கி உட்கார வைத்தார்கள். எலும்பு தப்பியது. எனக்கு விஷயம் தெரிந்ததே மறுநாள்தான். அதற்குப் பிறகு, அம்மா ஊர்ப் பக்கமிருந்து வருகிற மாரிக்குப்பத்து வண்டி நிற்கிற சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். யார் இறங்கி வந்து என்ன சொல்லப்போகிறார்களோ என்று இருக்கும்.

"எங்ககூட வந்துடும்மா" என்று கெஞ்சினேன். வர மாட்டேன் என்று அம்மா சொல்லவில்லை. "வரேன். வூட்ட வித்துட்டு வரேன்" என்றாள்.

"பூட்டிட்டு வாயேன். பொறவு மெதுவா வித்துக்கலாம்."

"பூட்டிட்டு வரமாட்டேன்."

"அப்ப போக்கியத்துக்கு வுடு."

"போக்கியத்துக்கும் வுடமாட்டேன். வித்தாத்தான் வருவேன்."

இதென்ன பிடிவாதம் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா கட்டிய வீடு, கண்ணெதிரே ஒரு நல்ல கைக்குப் போனால்தான் மனசு ஆறும் போலிருக்கிறது என்று நானாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஆக, வீடு விற்றால் அம்மா வருவாள். விற்காவிட்டால் வரமாட்டாள். அம்மா என் பிரசவத்துக்குள் வந்து சேருவதும் சேராததும் மேஸ்திரி கையில் இருந்தது. 

முதலில் உருப்படியாக வந்தவர் கோலார் ஜவுளிக்காரர் ஒருவர். மனைவியோடு ஜட்காவில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், வாசலில் இருந்த செம்பருத்தியையே இரண்டு நிமிஷம் பாராட்டினார். நானும் அன்றைக்கு வந்திருந்தேன். உள்ளே வாங்க என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் மேஸ்திரி ஒரு கையைத் தூக்கி, "நில்லுங்க! யாரும் உள்ள வரக்கூடாது!" என்று ஒரு சத்தம் போட்டார்.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

கோட்டுக்குள்ளிருந்து முழ நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு அவர் மட்டும் உள்ளே போனார். டக், டக் என்று தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல். "இங்க டொக்குன்னு கீது!" கொஞ்ச நேரம் கழித்து, சமையலறைப் பக்கமிருந்து, "இங்கியும் டொக்குன்னு கீது!" ஜவுளிக்காரரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வெளியே வந்து, "ஒண்ணும் பயமில்லீங்க. வந்து பாருங்க. சுவத்தோரமா மட்டும் போவாதீங்க. நட்ட நடுவுல நடந்து, சீக்கிரமா வெளிய வந்துடுங்க" என்றார்.

அதற்கு மேல் யார் உள்ளே வருவார்கள்? ஜட்கா வந்த வழியே திரும்பியது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இது என்ன வழக்கம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சுரங்கத்தில் வெடி வைத்துப் புகை அடங்கியதும் முதலில் ஒருவர் மட்டும் உள்ளே போவார். தலைக்கு மேலும் பக்கத்திலும் இருக்கிற பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார். கணீர் என்று கேட்டால் பாறை கெட்டி. டொக்கென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழும். விழக்கூடியதைத் தட்டித் தள்ளிவிட்டு, அவர் "சரி, வாங்க" என்ற பிறகுதான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். மேஸ்திரிக்கு ஆயுசு முழுக்க அதுதான் வேலை. பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் பாறையா என்ன? செங்கல்லும் சேறும் வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். ஆண்டவரே வந்து தட்டினாலும் அது டொக்கென்றுதான் கேட்கும்.

இதை நான் சொல்லவில்லை. அடுத்து வந்த பூதிகோட்டை விவசாயி சொன்னார். அவர் மகனுக்குச் சுரங்க ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. ஒரு மூட்டை வேர்க்கடலையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் அதே மரியாதைதான்: நில்லுங்க, கம்பி, டக் டக், டொக்குன்னு கீது. விவசாயி சிரித்துவிட்டார். தங்கள் ஊரில் எல்லாச் சுவரும் இப்படித்தான் கேட்கும், தன் தாத்தா காலத்துச் சுவர் இன்னும் நிற்கிறது என்று தெலுங்கில் சொன்னார். மேஸ்திரி விடுவாரா? "உங்க ஊரு சுவத்துக்குக் கீழ மண்ணு கீது. எங்க ஊரு சுவத்துக்குக் கீழ இன்னா கீது தெரியுமா? ஓட்ட! வெறும் ஓட்ட!" என்று தரையைக் காலால் உதைத்துக் காட்டினார். அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு நகர்ந்துவிட்டாள். வேர்க்கடலையை மட்டும் எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

இதோடு நின்றாரா? சந்தேகமான இடத்தில் அடையாளம் போட வேண்டுமாம். அடுப்புக்கரியை எடுத்து, டொக்கென்று கேட்ட இடத்திலெல்லாம் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு அம்மா வெள்ளையடித்து வைத்திருந்த சுவர். நான் அடுத்த வாரம் வந்து பார்த்துவிட்டு அலறினேன். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "சுவரு பூரா சிலுவ! கிறிஸ்தவங்க வூடான்னு இனிமே யாரும் கேக்க வேணாம், போ" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதம் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மேஸ்திரி வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க வூட்ட விக்க வந்தீங்களா, வர்றவங்கள வெரட்ட வந்தீங்களா? ஒருத்தரக் கூட்டிக்கினு வந்து, அவங்க முன்னாடியே வூட்டக் கொற சொல்ற புரோக்கர நான் எங்கியும் பாத்ததில்ல! காரியத்துல மண்ணப் போட்டுட்டீங்களே!"

அவருக்கு முழுசாகக் கேட்டதோ என்னவோ, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். முகம் சுருங்கிப்போயிற்று. கம்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பாப்பா, நீ கோவப்படறது நாயந்தான். ஆனா நான் இன்னா பண்ணட்டும் சொல்லு. இத்தினி வருசம் கீழ வேல பாத்தேன். என் வாயால சரின்னு சொல்லி உள்ள போன ஒருத்தன்கூட மேல வராம இருந்ததில்ல. ஒருத்தன்கூட! பக்கத்து கேங்குல உசுரு போச்சு, எதிர் கேங்குல போச்சு. என் கேங்குல போவல. இப்ப வயசான காலத்துல, ரெண்டு காசு தரகுக்கு ஆசப்பட்டு, டொக்குன்னு கேக்கற சுவத்துக்குக் கீழ ஒரு குடும்பத்த அனுப்பிட்டு சரின்னு சொல்லட்டுமா? வாய் வர்ல கண்ணு."

இன்னும் சத்தமாகச் சொன்னார். "உங்க நைனாவும் அந்த சரியிலதான் தெனம் உள்ள போனாரு. தெனம் வூட்டுக்கு வந்தாரு."

 ஷிப்ட் முடிந்து அப்பா டிபன் கேரியரோடு தெரு திரும்புகிற நேரம் எனக்கு நினைவு வந்தது. சின்ன வயசில் அந்த மூலையில் போய் நின்றுகொண்டிருப்பேன். அப்பா வருவார் என்று ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அது ஏதோ சூரியன் உதிக்கிற மாதிரி தானாக நடக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் கம்பியும் கையுமாக இந்த மனிதர் நின்றிருக்கிறார். என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஆனாலும் வீடு விற்றாக வேண்டுமே! அழுகை வந்தது. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். அவளும் சுரங்கத்துக்காரர் பெண்சாதி, அவர்கள் பாஷை அவளுக்குத் தெரியும். மேஸ்திரி எதிரில் போய் நின்று, அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "அண்ணா, கீழ ஒரு எடம் நிக்குமா நிக்காதான்னு தட்டியும் தெரியலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"ஒரு ஆள ஒக்கார வச்சுப் பாப்போம். வெடி வச்சா அசயுதா, மண்ணு உதிருதான்னு கண்ணு வச்சுக்கினே இருப்போம்."

"அப்ப இங்கியும் ஒக்காந்து பாருங்க. வெடி நேரத்துக்கு தெனம் வாங்க. நீங்களே கரியில குறி போட்ட எடத்துக்குக் கீழ ஒக்காருங்க. மண்ணு உதிர்ந்தா நான் வூட்ட விக்கவே இல்ல. உதிரலன்னா நீங்க சரி சொல்லணும்."

மேஸ்திரி யோசித்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இது பேச்சு" என்றார்.

அன்றிலிருந்து சாயங்கால வெடி நேரத்துக்கு அவர் ஆஜர். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஹாலில் பெரிய குறிக்குக் கீழே பாயைப் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, உள்ளங்கை இரண்டையும் சுவரில் பதித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். காது கேட்காததால் கையால் கேட்கிறாராம். கீழே வெடிக்கும்போது தரை ஒரு தரம் உறுமும். அலமாரியில் தட்டுகள் கிலுகிலுக்கும். நாங்கள் பேச்சை நிறுத்தாமலேயே அவரவர் டம்ளரை ஒரு கையால் பிடித்துக்கொள்வோம், ஓய்ந்ததும் விட்டுவிடுவோம். மேஸ்திரி மட்டும் தலையை அண்ணாந்து சுவரையே பார்ப்பார். பிறகு பாயைத் தடவிப் பார்ப்பார். மண் இல்லை. "இன்னிக்கு ஒண்ணுமில்ல" என்பார். சரி என்று சொல்லமாட்டார். அம்மா ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போவார். எத்தனை நாள் இப்படி! பக்கத்து வீட்டுக்காரர்கள், "இன்னாக்கா, வூட்டுக்குக் காவல் போட்டுட்டியா?" என்று அம்மாவைக் கேலி பண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நாட்கள் அம்மாவுக்குப் பிடித்திருந்தன என்று நினைக்கிறேன். அப்பாவைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்தாயிற்று. சுரங்கத்துக்குக் கீழே அப்பா எப்படி இருப்பார் என்பது அவளுக்கும் தெரியாத கதை. அப்பா சுரங்கக் கூண்டான கேஜில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வாராம். கீழே எலிக்குச் சோறு போடாமல் சாப்பிடமாட்டாராம். வீட்டில் எலியைக் கண்டால் விளக்குமாற்றைத் தூக்குகிற மனிதர்! அம்மா வாய்விட்டுச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அப்பா போன பிறகு அப்போதுதான் பார்த்தேன்.

மூத்தவளுக்குப் பள்ளிக்கூட லீவு விட்டதும் நான் அவளையும் அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு நாள் வெடியெல்லாம் அடங்கி, மேஸ்திரி காப்பிக்காகக் கையை நீட்டுகிற நேரம். ஏர்பிளாஸ்ட் அடித்தது. வெடி வைக்காமலே, பூமிக்குள்ளே பாறை தாங்க முடியாமல் தானாக வெடிப்பது அது. ஒரு பெரிய இடி காலுக்குக் கீழிருந்து மேலே வந்தது. அலமாரியிலிருந்து பாத்திரமெல்லாம் கொட்டியது. கூரையில் ஓடுகள் சறுக்குகிற சத்தம். நான் மூத்தவளை இழுத்து அணைத்துக்கொண்டு வாசல் நிலையில் நின்றேன். அம்மா "இயேசுவே" என்று என் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

எல்லாம் ஒரு மூச்சு நேரம்தான். தூசி அடங்கியபோது மேஸ்திரி அதே இடத்தில், அதே குறிக்குக் கீழே, இரண்டு கையையும் சுவரில் பதித்தபடி உட்கார்ந்திருந்தார். மேல் முழுக்கக் காப்பி. சுவர் அப்படியே நின்றது. அவர் பாயைத் தடவினார். விரலைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாக எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு போய்விட்டது. "எந்த ஷாப்டு?" என்றார். எந்தச் சுரங்க வாய்ப் பக்கம் அடித்தது என்று பார்க்க, கோட்டைக்கூட எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். அந்த வயசில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. தெரு முழுக்க ஜனங்கள் அதே பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசலிலேயே நின்றாள். எங்கள் வீட்டிலிருந்து கீழே போக இப்போது யாரும் இல்லை. இருந்தாலும் அவள் உள்ளே வரவில்லை, நெஞ்சில் வைத்த கையை எடுக்கவுமில்லை. நானும் அவள் பக்கத்திலேயே நின்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேஸ்திரி மெதுவாகத் திரும்பி வந்தார். தெருமுனையிலிருந்தே கத்தினார். "எல்லாரும் மேல ஏறிட்டாங்க! ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல!" அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கிட்டே வந்து, சுவரை ஒரு முறை உள்ளங்கையால் தட்டினார். "வூடும் சரிதான் தங்கச்சி" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மேஸ்திரி ஊரெல்லாம் போய், "ஏர்பிளாஸ்ட் அடிக்கும்போது நான் அந்தச் சுவத்துல சாஞ்சுக்கினு இருந்தேன். ஒரு சிட்டிக மண்ணு விழல!" என்று கத்தியிருக்கிறார். கோலார்க்காரரோ பெங்களூர்க்காரரோ இதைக் கேட்டிருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கமாட்டார்கள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. இரண்டே நாளில் ஒருவர் மனைவியோடு வந்தார். சுரங்கத்தில் பாறைக்கு மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. ரிட்டயர் ஆகப்போகிறவர், லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். இளவயசில் மேஸ்திரி கேங்கில் இருந்தவராம்.

அந்த அம்மாள் வாசலிலேயே நின்று, "இன்னாண்ணா, போலாமா?" என்று மேஸ்திரியைக் கேட்டாள்.

"தட்டினா டொக்குன்னுதான் கேக்கும். அத நம்பாதீங்க. நான் ஒக்காந்து பாத்துட்டேன். சரி, வாங்க" என்றார் மேஸ்திரி.

அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே போனார். அன்றைக்கே பேச்சு முடிந்துவிட்டது. ரிஜிஸ்டர் ஆபீஸில் மேஸ்திரி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தரகை வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தோம். அதில் ஒன்றும் பெருந்தன்மை காட்டவில்லை, கறாராகத்தான் வாங்கிக்கொண்டார். ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்கு வந்தவர், "ராகுகாலத்துல கெளம்பறீங்களே" என்று வண்டி நகரும்வரை திட்டிக்கொண்டே நின்றார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிருந்தது என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

அம்மா ஒரு டிரங்குப் பெட்டி, ஆட்டுக்கல், அப்பாவின் படம் இவற்றோடு வந்து சேர்ந்தாள். அவள் வந்த மாதமே எனக்குப் பிள்ளை பிறந்தது. பையன். வீடு நிறைந்துவிட்டது. மூத்தவளுக்குத் தலை பின்ன, பிள்ளையைக் குளிப்பாட்ட, எனக்குப் பத்தியம் பார்த்துப் போட என்று அம்மா எங்கும் இருந்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு நாள்வரை.

அன்று என் வீட்டுக்காரர் இரண்டு ராத்திரி கண் விழித்த டூட்டி முடிந்து காலையில் வந்து படுத்திருந்தார். பிள்ளை வீல் வீல் என்று அழுதது. அம்மா தாலாட்டுப் பாடிக்கொண்டு கூடத்தில் நடந்தாள். அவர் உள்ளேயிருந்து, "மனுஷன் தூங்க வேணாமா? இது வூடா, சந்தையா?" என்று எரிந்து விழுந்தார். அவர் சுபாவம் அப்படிப்பட்டதில்லை, தூக்கக் கலக்கம். ஆனால் அம்மாவின் பாட்டு நின்றுவிட்டது. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனாள்.

 அம்மாவின் ரோஷம் எனக்குத் தெரியும். அப்பாவிடமே கோபித்துக்கொண்டு குடியாத்தத்தில் தாய் வீட்டுக்கு வண்டி ஏறியவள். டிரங்குப் பெட்டியை எடுத்துவிடுவாளோ என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து முறத்தில் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்கினியாம்மா?" என்றேன்.

"கோவந்தான். வராம இருக்குமா?" என்றாள், அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த வூடு இருந்திருந்தா இந்நேரம் மாரிக்குப்பத்து வண்டியில ஒக்காந்திருப்பேன். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா? பூட்டிப் போட்டிருந்தாலும் ஓடியிருப்பேன், போக்கியத்துக்கு வுட்டிருந்தா அவங்களக் காலி பண்ணச் சொல்லிட்டு ஓடியிருப்பேன். மாப்பிள்ள ஒரு வார்த்த சொன்னா ஓடறது, நீ ஒரு வார்த்த சொன்னா ஓடறது. அப்புறம் நீ கெஞ்சிக் கூட்டிக்கினு வர்றது. அது ஒரு வாழ்க்கையா? அத்தொட்டுதான் வித்துட்டு வரேன்னு அடம் புடிச்சேன். இப்ப ஓட எடமில்ல. கோவம் வந்தா இங்கியே ஒக்காந்து ஆறிக்க வேண்டியதுதான்."

 பயமாக இருந்தது. அத்தனை மாதமும் நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை அழைத்து வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ, என்னை நம்பி, திரும்பிப் போகிற இடத்தையே விற்றுவிட்டு வந்திருக்கிறாள். அதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிள்ளை என் தோளிலேயே தூங்கிவிட்டிருந்தான். அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"சரி சரி, பிள்ள முழிச்சிக்கப் போறான். எத்தினி பாவு அரிசி போடட்டும்?" என்றாள்.

"மூணு போடும்மா" என்றேன். "அவரும் சாப்பிடுவாரு."